யாருக்கு, எவ்வளவு, எதுவரை?

எங்கள் வீட்டு அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா உண்டு. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், கடுக்காய், ஜாதிக்காய், வசம்பு எல்லாம் தனித்தனியாகத் துணியில் முடிந்து கிடக்கும். ‘மருந்து டப்பா’ என்று பெயர். நான் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அது ஆச்சியின் பொறுப்பில் இருந்தது. ஆச்சி என்றால் என் மாமனாரைப் பெற்றவர். யார் அந்த டப்பாவைத் திறந்தாலும், எந்த அறையில் இருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். “யாருக்குட்டி?” என்பார். ஆளைச் சொன்னதும் “எவ்வளவு போடப்போற?” என்பார். அதற்கும் பதில் சொன்னால் மூன்றாவது கேள்வி வரும்: “எதுவரைக்கும் பாப்ப?” இந்தக் கசாயத்தை நம்பி எவ்வளவு நேரம் வீட்டில் இருப்பாய், எதைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாய் என்று அர்த்தம்.

இப்போது போனில் தினம் ஒரு கைவைத்தியக் குறிப்பு வருகிறது. சளிக்கு இது, சர்க்கரைக்கு இது, நெஞ்செரிச்சலுக்கு இது. எதற்கு எது என்பது மட்டும் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்ற மூன்றும் அதில் இல்லை. என் ஆதங்கமே அதுதான். சமையலறை மருந்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். என் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். அந்த மூன்று கேள்வியும் கூடவே இருந்ததால்தான் அது எங்களுக்குக் கைகொடுத்தது என்பதால், தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

சளி, இருமலில் ஆரம்பிக்கிறேன். மருந்து டப்பா அதிகம் திறப்பது அதற்குத்தான்.

சுக்கு, மிளகு, திப்பிலிக் கசாயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆச்சி வைக்கும் முறை இது. சுக்கை எடுத்ததும் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது பழமொழி. அதாவது சுக்கில் தோலையும், கடுக்காயில் கொட்டையையும் நீக்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவு சுக்கு, ஏழெட்டு மிளகு, இரண்டு திப்பிலி. வெறும் வாணலியில் சூடு ஏற வறுத்து, வாசனை எழும்பியதும் இறக்கி, உரலில் ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். மாவாக இடித்தால் கசாயம் கலங்கி அடித்தொண்டையில் ஒட்டும். இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை சிறு தீயில் வைத்து, அடுப்பை அணைத்த பிறகு கருப்பட்டி. கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் கரைந்ததும் வடிகட்ட வேண்டும். பெரியவர்களுக்கு அரை டம்ளர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று ஸ்பூன். வெறும் வயிற்றில் யாருக்கும் கிடையாது. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு மிளகையும் திப்பிலியையும் விட்டுவிட்டு, சுக்கும் மல்லியும் போட்டுக் கொடுப்பார்.

இதில் நடப்பது என்ன? இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் கூடுதல். பச்சை இஞ்சியைவிட சுக்கு உறைப்பது அதனால்தான். மிளகிலும் திப்பிலியிலும் இருப்பது பிப்பரின். இந்தக் காரமும் சூடும் சேர்ந்து மூக்கிலும் தொண்டையிலும் நீர் கசிய வைக்கின்றன. கெட்டிச்சளி இளகுகிறது, தொண்டை வலி அடங்குகிறது, தூக்கம் வருகிறது. சளிக்குக் காரணமான வைரஸைக் கசாயம் கொல்லாது. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகப் போகும். அந்த நாட்களைத் தாங்கிக் கடக்கத்தான் கசாயம், அது பெரிய உதவி.

இருமலுக்கு ஆடாதோடையை மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பின்வாசலில் வேலியாகவே நிற்கிறது. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மூலமாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தை உருவாக்கினார்கள். டாக்டர்கள் இன்று எழுதித் தரும் ஆம்ப்ராக்ஸால் அந்தக் குடும்பத்து மருந்துதான். இருமல் டானிக் பாட்டிலின் பின்பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வேலி ஞாபகம் வரும். அத்தனை வீரியம் உள்ள இலை என்பதால்தான் ‘யாருக்கு’ என்ற கேள்வி இங்கே கட்டாயம். வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடவே கூடாது. என் நாத்தனார் மசக்கையோடு வந்திருந்தபோது இருமலுக்கு அதைக் கேட்டார். ஆச்சி இலையைத் தொடவே இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லி, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பூரவல்லி போதும். ஓமவல்லி என்றும் சொல்வார்கள். இரண்டு இலையை தோசைக்கல்லில் போட்டு வதக்கிப் பிழிந்தால் அரை ஸ்பூன் சாறு வரும். ஒரு வயது தாண்டிய பிள்ளையென்றால் தேன் நாலு சொட்டு சேர்க்கலாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரந்து, தசைகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்திவிடலாம். சுத்தமான மலைத்தேன் என்றாலும், காய்ச்சினாலும் இதுதான். பேறுகாலம் முடிந்த வீட்டில் சேனை வைக்கிறேன் என்று யாராவது தேனோடு வந்தால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

ஆவி பிடிப்பதற்கு நொச்சி இலை, யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் போடுவோம். மூக்கடைப்புக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். கவிழ்ந்தால் தொடையெல்லாம் வெந்துபோகும். சூடத்தை எண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவுகிறார்களே, அதுவும் வேண்டாம். சூடம் சிறு அளவு உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

அப்புறம், எதுவரை? ஆச்சி இரவில் பிள்ளையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பார். “கசாயம் குடிச்சா போதாதுட்டி, மூச்சு எப்படி இருக்குன்னு பாரு.” மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அந்த நேரமே கிளம்ப வேண்டும். இதையே உலக சுகாதார நிறுவனம் எண்ணிக்கையாகத் தந்திருக்கிறது. அழாமல் அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். கசாயத்துக்கு அங்கே வேலை இல்லை. பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

அதிமதுரம் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இனிப்பாக இருக்கும், தொண்டைக்கு இதம், பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வாயிலேயே போட்டுக்கொள்வார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா, ஓய்வுபெற்ற வாத்தியார், தொண்டைக் கரகரப்புக்காக அதைத் தினமும் காலை மாலை டீயில் போட்டுக் குடித்துவந்தார். அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை, கணுக்கால் வீங்கிவிட்டது. கடைசியில் ஒரு டாக்டர்தான், “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று பொறுமையாக விசாரித்தார். அதிமதுரத்தை நிறுத்தியதும் சில வாரங்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். நாலு நாள் தொண்டைக்கு என்றால் சரி. ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்த நாலு நாளையும் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது வயிறு.

ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஊதினால் தூசும் தும்பும் பறந்துவிடும். கையில் நிற்கும் வாசனைதான் தைமால். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் அதே தைமாலைச் சேர்க்கிறார்கள். விருந்து சாப்பிட்டு வயிறு உப்பினால் கால் ஸ்பூன் ஓமத்தை ஒரு கல் உப்போடு மென்று வெந்நீர் குடிப்போம். ஏப்பம் விட்டு அடங்கும். சீரகத்தைக் கருக வறுக்காமல், நிறம் மாறத் தொடங்கும்போதே தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால் சீரகத் தண்ணீர். பெருங்காயத்தைப் பொறுத்தவரை, கடையில் வாங்கும் கட்டியிலும் தூளிலும் மாவும் பிசினும் கலந்தேதான் வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் படித்து அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்கலாம். மோரில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான் தேவை. குமட்டலுக்கு இஞ்சியைப் போல வேறொன்றும் எனக்கு உதவியதில்லை. மசக்கை வாந்திக்கு இஞ்சி உதவுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு கிராம் சுக்குத்தூள் அளவுதான் கொடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய அரை டீஸ்பூன். அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம், மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

இந்த வயிற்று மருந்துகளில்தான் ‘எதுவரை’ என்ற கேள்வி உயிர் காக்கும் கேள்வி. எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி. மளிகைக் கடை, ஓயாத உழைப்பு, சர்க்கரை நோய் உண்டு. ஒரு ராத்திரி நெஞ்சில் அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று பெருங்காயத்தைப் பொரித்துக் கொடுத்தார்கள். பிறகு இஞ்சிச் சாறு, பிறகு ஓமத் தண்ணீர். வியர்த்துக் கொட்டியதை வாயு இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். விடிந்த பிறகு ஆட்டோவில் போனபோது, மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பழையபடி மூட்டை தூக்கவோ, மாடிப்படி ஏறவோ முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. விடிய விடிய விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. நெஞ்சில் அழுத்தம் அல்லது எரிச்சல், கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், தோள், தாடை, இடது கை வலி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அடுப்புப் பக்கமே போவதில்லை, 108 தான். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் சோர்வாகவும் குமட்டலாகவும்கூட மாரடைப்பு வரும் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் சீக்கிரம். இன்னொன்று, தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விளக்கெண்ணெய், பேதிக்குக் கொடுப்பது எதுவும் அப்போது கூடாது.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து தண்ணீரும் உப்பும் சர்க்கரையும்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கையால் அள்ளிப் போடாமல் ஸ்பூனால் அளந்து போடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. பெரியவர்களுக்கு வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுப்போம், அது கூடுதல் துணை. குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். கண் உள்வாங்கினாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கைக்குழந்தைகளின் உரைமருந்து பற்றி எழுதுவதற்குத்தான் எனக்குத் தயக்கம். வசம்பைச் சுட்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்துக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடப்பது. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே சொல்கிறோம். ராத்திரியில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் பேர் சொல்லாதது என்போம். அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று பிரசவம் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். வசம்பில் அசரோன் என்ற பொருள் உண்டு. அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கத் தடை. ஜாதிக்காய் பிள்ளையைத் தூங்கவைப்பது அதன் மயக்கத்தால். ஒரு முழுக் காயை அரைத்துச் சாப்பிட்டால் பெரியவர்களுக்கே படபடப்பும் மனக்குழப்பமும் வரும். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு, நாலு கிலோ எடையுள்ள உடம்புக்கு, உரைகல்லில் எப்படிப் பதில் சொல்ல முடியும்? பிள்ளை அழுகிறதென்று கசகசாவை அரைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். அது அபினிச் செடியின் விதை.

ஆச்சியிடம் இதைச் சொல்லப் பயந்தேன். அவர் கோபப்படவில்லை. “அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஏது, எங்க கையில இருந்தத வச்சுக் காப்பாத்துனோம். இப்ப டாக்டரு சொன்னாருன்னா கேட்டுக்கோ” என்றார். வசம்பு வளையலை மட்டும் பிள்ளை கையில் போட்டுவிட்டார். நான் மறுக்கவில்லை, நூல் அறாமல், மணி கழன்று வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மஞ்சளுக்கு வருகிறேன். 1995இல் அமெரிக்காவில், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்லி மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் காப்புரிமை வாங்கினார்கள். நம் நாட்டின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடியது. பழைய சமஸ்கிருத நூல் ஒன்றையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையையும் சாட்சியாக வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. நம் அடுக்களை அறிவுக்கு உலகம் கொடுத்த அங்கீகாரம் என்று எனக்கு அதில் பெருமை.

அதே மஞ்சளை எங்கெல்லாம் போடக் கூடாது என்பதும் அந்த அறிவில் சேர்த்திதான். சிறு கீறலுக்கு, கழுவிய பிறகு, வீட்டில் இடித்த மஞ்சளை வைப்போம். ஆழமான வெட்டுக்கு வைப்பதில்லை. பொட்டலத் தூள் கிருமி நீக்கியது கிடையாது. காயத்துக்குள் அப்பிக்கொண்டால் தையல் போடுகிறவர் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தீக்காயத்துக்கு மஞ்சள், தோசை மாவு, பற்பசை, நெய் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸும் கூடாது. நாய்க்கடி என்றால் இன்னும் அவசரம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவதை இன்றும் பார்க்கிறேன், மனம் பதைக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது. நாய்க்குட்டி நம் வீட்டுடையது, லேசான பல் தடம்தான் என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

மஞ்சள் பாலில் ஒரு சிட்டிகை மிளகு போடுவது சும்மா இல்லை. மஞ்சளில் மூன்று சதவீதம் அளவுக்குத்தான் குர்குமின் இருக்கிறது, அதுவும் உடம்பில் எளிதில் சேராது. பெங்களூரில் நடத்தி 1998இல் வெளியான ஓர் ஆய்வில், மிளகின் பிப்பரினோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. அது பாலுக்கு நல்ல செய்தி. ஆனால் இதே காரணத்துக்காகக் குர்குமினையும் பிப்பரினையும் அடர்த்தியாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். அப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பல நாட்டு மருத்துவர்களும் பதிவுசெய்திருக்கிறார்கள். பிப்பரின் மற்ற மருந்துகளையும் கூடுதலாக ரத்தத்தில் ஏற்றிவிடும். குழம்பில் போடும் மஞ்சளும் புட்டியில் வரும் மஞ்சளும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பித்தப்பையில் கல் உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடாமல் இருப்பது நல்லது.

பல்வலிக்குக் கிராம்பு. அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் பசையிலும் அது உண்டு. ஒரு கிராம்பை வலிக்கும் பல்லடியில் வைத்து மெல்லக் கடித்துக்கொண்டால் ராத்திரி கழியும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் கல்லீரலுக்கே ஆபத்து, பாட்டிலை உயரத்தில் வையுங்கள். வலி அடங்கியதால் சொத்தை அடங்கிவிடாது.

சர்க்கரை நோய்க்கு வெந்தயம். ஊறினால் வழுவழுவென்று வருகிறதே, அந்தக் கரையும் நார்ச்சத்து சாப்பாட்டின் சர்க்கரையை மெதுவாக ரத்தத்தில் இறங்கச் செய்யும். என் அத்தை இரவில் ஒரு ஸ்பூன் ஊறவைத்துக் காலையில் மென்று சாப்பிடுவார். மாத்திரையை நிறுத்தியதே இல்லை. மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவார், ஏனென்றால் அந்த வழுவழுப்பு மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் கவனிக்க வேண்டும். பட்டைத் தண்ணீர் தினமும் குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் பிரியாணிக்கு விற்கும் தடித்த பட்டை காசியா. அதில் கூமரின் அதிகம், தொடர்ந்து குடித்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். காகிதம்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. தினமும் வேண்டுமென்றால் அதைத் தேடி வாங்குங்கள்.

காய்ச்சலுக்கு எங்கள் ஊரில் நிலவேம்புக் குடிநீர். டெங்கு பரவும் காலத்தில் அரசே தெருத்தெருவாகக் கொடுத்திருக்கிறது. கசப்பைத் தாங்கிக் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விட்ட பிறகுதான் வரும். காய்ச்சல் இறங்கிய மறுநாள் விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறில் ரத்தம், சுருண்டு படுத்துக்கொள்வது இவற்றைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

பொருள் வாங்குவதில் எங்கள் வழக்கம்: எல்லாம் முழுசாக, கொஞ்சமாக. தூளாக வாங்கினால் வாசனையும் போகும், கலப்படமும் தெரியாது. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் எண்ணெய் எடுத்த சக்கை. மிளகைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். பப்பாளி விதை மிதக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் மெருகேறிய விரலி மஞ்சளை வாங்குவதில்லை. நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் பூசுவது உண்டு. மங்கலாக, மண் ஒட்டினாற்போல் இருப்பதை வாங்கிக் கழுவிக் காயவைத்து இடிப்போம். நாட்டு மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், எடுத்துக் காட்டச் சொல்லி முகர்ந்து வாங்குங்கள். பொட்டலத்தில் வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள். எங்கள் டப்பாவில் இப்போது அத்தையின் எழுத்தும் என் எழுத்தும் கலந்து கிடக்கின்றன.

கசாயத்தின் பேரில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களிலும் பெரிய அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு உண்டு. படித்த சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, அளவு சொல்வார். அதேபோல இங்கிலீஷ் டாக்டரிடம் போகும்போதும், “வேறு மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நாம் வெந்தயத்தையும் சுக்கையும் மருந்தாக நினைப்பதில்லை, அதனால் சொல்ல வாய் வருவதில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டுக்குப் பின்னாலும் அவர் தினமும் எடுக்கும் கசாயம், பொடி, லேகியம் எல்லாவற்றையும் அளவோடு எழுதி வைத்திருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இதை முன்கூட்டியே காட்டுவது ரொம்ப முக்கியம். இஞ்சி, பூண்டு, மஞ்சள் இவற்றை மருந்தளவில் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதமாகலாம். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரும் மயக்க மருந்து கொடுப்பவரும் சொல்வார்கள்.